கடைமடைக்கு நீர் வரும் வழி

காஞ்சிக்கு வருவோர் பட்டையும் கோயில்களையும் கண்டு செல்கின்றனர். வேகவதியைக் கடந்து எங்கள் திருப்பருத்திக்குன்றம் வரை வருவோர் சிலரே. அவர்களும் சமணக் கோயிலின் விதானத்து ஓவியங்களைச் சிறிது நேரம் அண்ணாந்து நோக்கிவிட்டுத் திரும்பிவிடுவர். அக்கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. விசயநகர அரசின் அமைச்சரும் தண்டநாயகருமான இருகப்பர் 1382-ஆம் ஆண்டில் மாவண்டூர்ப் பற்றைச் சேர்ந்த மகேந்திரமங்கலம் என்னும் ஊரைக் கோயிலுக்குக் கொடையாக அளித்த செய்தியை அது கூறுகிறது. சில ஆண்டுகள் கழித்து, 1387-இல், அங்குள்ள சங்கீத மண்டபத்தை எழுப்பியவரும் அவரே. மண்டபத்தைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். என் மனமோ அந்த ஊர்க்கொடையிலேயே நிற்கும். விளக்கெரிய எண்ணெயும் படைக்க அரிசியும் ஆண்டுதோறும் வேண்டுமாயின் விளைகின்ற ஊர் ஒன்று வேண்டும். ஊர் விளைய வேண்டுமாயின் ஏரி வேண்டும். பொன்னாகக் கொடுத்திருந்தால் அவர் காலத்திலேயே செலவழிந்து போயிருக்கும்.

மாவண்டூர் என்ற பெயரைக் கேட்டவுடன் இப்பக்கத்து மக்களுக்குப் பாலாற்றின் தென்கரையிலுள்ள மாமண்டூர்தான் நினைவுக்கு வரும். அங்கே குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள். குன்றை ஒட்டிப் பெரிய ஏரி. சித்திரமேகத் தடாகம் என்று முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அந்த ஏரியைக் குறிக்கிறது. 1850-களில் வாலாசாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு கட்டப்பட்டது. அதிலிருந்து பிரியும் தூசிக் கால்வாயே மாமண்டூர் ஏரிக்கு வரத்து. வடகரையிலுள்ள மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம் ஏரிகளுக்கும் அதே அணைக்கட்டுதான் ஆதாரம். ஓர் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் அந்நீர் கீழேயுள்ள ஏரிக்குச் செல்லும். அதுவும் நிறைந்தால் அதற்கும் கீழே. இப்படிக் கோத்த மணிமாலை போல ஏரிகள் கிடப்பதனால்தான் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றனர். 2019-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது பெரிய ஏரிகளில் காஞ்சிபுரத்துக்கு 381-உம் செங்கற்பட்டுக்கு 528-உம் வந்தன. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருப்பவை. அவை இக்கணக்கில் சேரவில்லை.

நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் ஏரியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் எண்ணலாம். என் தாய்வீடு பாலாற்றுக்கு அப்பால் ஒரு சிற்றூர். அவ்வூர் ஏரிக்கு ஏறத்தாழ 400 ஏக்கர் ஆயக்கட்டு, மூன்று மதகுகள். தெற்கு மதகு வாய்க்காலின் கடைமடையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. இப்போது என் தம்பி அதில் பயிர் செய்கிறான். அறுவடைக்குப்பின் எனக்கென்று இரண்டு மூட்டை அரிசி அனுப்புவதை அவன் இன்றளவும் நிறுத்தியதில்லை. அந்த ஒன்றரை ஏக்கரை விற்பதா, வைத்திருப்பதா என்னும் பேச்சு மூன்றாண்டுகளாக எங்கள் குடும்பத்தில் நடந்துவருகிறது. ஆதலால் இது எனக்கு ஏட்டுப் பொருளன்று.

ஏரி நீரைத் திறந்து மூடிப் பங்கிடுபவரை எங்கள் பக்கத்தில் கம்புகட்டி என்பர். வேறு பகுதிகளில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் வழங்குவதுண்டு. எங்கள் சிறுவயதில் அவ்வூரில் கம்புகட்டியாக இருந்தவரைப் பிள்ளைகள் எல்லாரும் தாத்தா என்றே அழைப்போம். மதகு திறக்க வேண்டிய நாளில் அவர் ஏரிக்குள் இறங்கி, மூச்சடக்கி மூழ்கித் தூம்பின் அடைப்பை அகற்றுவார். பின்னர் வாய்க்கால் நெடுக மண்வெட்டியும் தோளுமாக நடந்து, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று மடை வெட்டுவதும் அடைப்பதும் அவர் வேலை. இரவு பாய்ச்சல் என்றால் கையில் அரிக்கேன் விளக்கு. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் அவ்விளக்கு வரப்புகளின்மேல் மெல்ல நகர்ந்துவருவது தெரியும். அது தெற்கே திரும்பிவிட்டால், "நமக்கு முறை வந்துவிட்டது" என்று அம்மா சொல்வார். நவரைப் பட்டத்தில் நீர் போதாது என்று தெரிந்தால், எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்று பெரியவர்கள் கரைமேல் கூடிக் கணக்கிடுவர். பத்து ஏக்கர் வைத்திருப்பவரும் அரை ஏக்கர் வைத்திருப்பவரும் அவரவர் அளவுக்கேற்பக் குறைத்துக்கொண்டு நட வேண்டும். அந்த ஆண்டுகளில் பாய்ச்சலைக் கடைமடையிலிருந்துதான் தொடங்குவார் தாத்தா. தலைமடைக்காரர்கள் முணுமுணுப்பர், மீறமாட்டார்கள். அவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இல்லை. அதனாலேயே அவர் பங்கீட்டை யாரும் ஐயுறவில்லை. கூலி, அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இத்தனை கட்டு என்று நெற்கதிராகவே கிடைக்கும்.

இதனை எழுதும்போது அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிட எனக்கு மனமில்லை. யாருடைய வயலுக்கெல்லாம் அவர் நீர் பாய்ச்சினாரோ அவர்களுள் பலரது வீட்டு வாசலுக்குமேல் அவர் வந்ததில்லை, வரவிட்டதும் இல்லை. அவர் மகன் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபோது ஊரில் சிலர் குறைப்பட்டுக்கொண்டனர். எனக்கோ மகிழ்ச்சியே. பழைய ஏற்பாடு ஒருவருடைய தாழ்வின்மேல் நின்றது. அது போனது நல்லதே. அவர் செய்த வேலைக்கு மாற்றாக ஒன்றையும் நாம் வைக்காமல் விட்டதுதான் நல்லதன்று.

ஏரியைப் பேணுவதற்கு நம் முன்னோர் எத்தனை ஏற்பாடுகள் செய்திருந்தனர் என்பதை உத்திரமேரூரில் காணலாம். 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகளில் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் குறிக்கப்படுகிறது. அவ்வூர் வைரமேகத் தடாகத்தைத் தூர்வாருவதற்கென்றே அறக்கட்டளைகள் வைக்கப்பட்டிருந்தன. 1767-இல் தொடங்கி 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர் செங்கற்பட்டுச் சீமையின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தபோதும், விளைச்சலில் ஒரு பங்கு ஏரி மராமத்துக்கு ஒதுக்கப்பட்டதை ஊர்க்கணக்குகள் காட்டின. வரி முழுவதும் கும்பினியாரிடம் போகத் தொடங்கியபின் அந்தப் பங்கு வற்றிப்போயிற்று. குடிமராமத்தை மக்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்லி, 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைச் சென்னை அரசு கொண்டுவந்தது. கையிலிருந்ததை எடுத்துக்கொண்டு, வெறுங்கையை வேலைக்கு அழைத்த சட்டம் அது. ஊரார் அதனைப் பொருட்படுத்தாததில் வியப்பில்லை.

நம் காலத்தில் ஏரியை மாற்றியது கிணறு. மின்சார மோட்டார் வந்தது. 1990-இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. ஆயக்கட்டுக்குள்ளேயே கிணறு வெட்டிக்கொண்டவர்களுக்கு மதகின் முறைக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை நீங்கியது. அவர்கள் செய்தது தவறென்று சொல்ல மாட்டேன். சம்பா முடிந்தபின் கோடையிலும் ஒரு போகம் எடுக்க முடிந்தது. ஆனால் ஏரிக்கரைக் கூட்டத்துக்கு வருவோர் தொகை ஆண்டுக்காண்டு குறைந்தது. 1960-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஏரிப்பாசனம் பெற்றன. அண்மைக் காலத்தில் பல ஆண்டுகளில் அதிற் பாதியைக்கூட எட்டவில்லை.

பழுதடைந்த ஏரிகளை நவீனப்படுத்த வேண்டும் என்ற முயற்சி பெரிய அளவில் தொடங்கியது 1984-இல். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் நிதியுதவியோடு, 100 முதல் 200 ஹெக்டேர் வரை ஆயக்கட்டுள்ள 150 ஏரிகளை முதற்கட்டமாக எடுத்துக்கொண்டனர். மதகுகளைப் புதுப்பிப்பது, வாய்க்கால்களுக்குக் காங்கிரீட் பூசுவது, முறைப்பாசனம் வகுப்பது ஆகியவை அதன் முக்கியப் பணிகள். மண்வாய்க்காலில் செல்லும் நீரில் ஒரு பகுதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதனைத் தடுத்தால் கடைமடைக்குக் கூடுதலாக நீர் கிட்டும் என்பது அதன் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆயினும் முறைப்பாசனம் என்பது காகிதத்தில் வகுத்தவுடன் நடந்துவிடுவதன்று. யார் திறப்பது, மீறினால் யார் கேட்பது என்பதைக் காங்கிரீட் சொல்லாது.

எங்கள் ஏரியிலும் பின்னர் ஒருமுறை சீரமைப்பு நடந்தது. எந்தத் திட்டம், யார் ஒப்பந்தக்காரர் என்பதெல்லாம் இங்கே வேண்டா. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூழ்கித் திறக்கும் தூம்புக்குப் பதிலாகக் கரையிலிருந்தே திருகித் திறக்கும் இரும்புக் கதவு வந்தது. இனி யாரும் உயிரைப் பணயம் வைத்து நீருக்குள் இறங்க வேண்டியதில்லை. வாய்க்காலில் நீரும் விரைந்து ஓடிற்று. ஆனால் தெற்கு வாய்க்காலின் கடைசிப் பகுதியில் அடித்தளத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிட்டனர். மதகை முழுவதும் திறந்தாலன்றி அந்த ஒரு சாணை நீர் ஏறாது. முழுவதும் திறந்தால் தலைமடை வயல்களில் பயிர் மூழ்கும். மண்வாய்க்காலாக இருந்தால் தம்பி அரை நாளில் வெட்டிச் சரிசெய்திருப்பான். இதற்கு மனு எழுத வேண்டியதாயிற்று. இரண்டு போகம் காத்திருந்தபின், ஒரு நாள் இரவு யாரோ கடப்பாரையால் அந்தத் தளத்தை உடைத்துவிட்டனர். மறுநாள் வந்து பார்த்த அலுவலர், பொதுச்சொத்தைப் பாழாக்கும் மூடர்கள் என்று கடிந்துகொண்டார். உடைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் பணி தொடங்குமுன் கடைமடையில் யாரையேனும் ஒருவரை அழைத்து, "நீர் எந்த வழியாக வரும்?" என்று கேட்டிருந்தால் கடப்பாரைக்கு வேலை இருந்திராது.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பால் இலங்கையின் கிழக்கே கல்லோயா என்னும் பெரும் பாசனத் திட்டம் இருக்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய்கள் முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே சிதைந்துவிட்டன. அமெரிக்க உதவியுடன் 1979-இல் சீரமைப்பைத் தொடங்கியபோது அங்கேயும் முதலில் மண்ணும் சிமெண்டும் பற்றித்தான் பேச்சு. தலைமடையில் சிங்களக் குடியேற்றங்கள். கடைமடையில் தமிழ் பேசும் ஊர்கள். நீர்ச் சண்டை என்றாலே இனச் சண்டையாகிவிடக்கூடிய இடம். அங்கே கொழும்பிலுள்ள விவசாய ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் ஒரு புதுமை செய்தன. 1981-இல், இளம் பட்டதாரிகளை ஊர்களில் குடியமர்த்தி, ஒவ்வொரு வயல்வாய்க்காலுக்கும் பத்துப் பன்னிரண்டு விவசாயிகளை ஒன்றுகூட்டிப் பேசச் செய்தனர். அந்த ஆண்டு நீர்த்தேக்கத்தில் கால்பங்கு நீர்தான் இருந்தது. அப்படியிருந்தும், பல்லாண்டுகளாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை விவசாயிகளே இறங்கி வெட்டினர். முறை வைத்துப் பாய்ச்சினர். மிஞ்சியதைக் கீழேயுள்ளவர்களுக்குத் திறந்துவிட்டனர். மேலே இருந்தவர்களுள் பலர் கீழே இருப்பவர்களை அதுவரை சந்தித்ததே இல்லை. சிமெண்டு வேலை பிற்பாடுதான் வந்தது. எதை எங்கே கட்டுவது என்று அதற்குள் விவசாயிகளுக்கே சொல்லத் தெரிந்திருந்தது.

தமிழகத்திலும் இவ்வுண்மை சட்டமாகாமல் இல்லை. விவசாயிகளே பாசன அமைப்புகளை நிர்வகிக்க வழிசெய்யும் சட்டம் 2000-இல் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அதன்படி அமைந்தன. 2007-இல் உலக வங்கி உதவியுடன் நீர்வள நிலவளத் திட்டம். அதே ஆண்டில் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கான சட்டம். 2017 மார்ச்சில் எங்கள் மாவட்டத்து மணிமங்கலத்தில்தான் குடிமராமத்து என்ற பழம்பெயரோடு புதிய திட்டத்தை அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்தார். செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. அதே ஆண்டில் உலக வங்கி ஒப்புதல் அளித்த இன்னொரு நவீனமயத் திட்டம் 4,778 ஏரிகளையும் 477 அணைக்கட்டுகளையும் கணக்கில் கொண்டது. இவற்றால் பல ஏரிகளில் கரை பலப்பட்டது, மதகுகள் சீர்பெற்றன. அதை மறுப்பது நேர்மையாகாது. எனினும் பல ஊர்களில் சங்கம் என்பது பணி நடக்கும் வரை கையெழுத்துப் போடுவதற்கு இருக்கிறது. கடைசிப் பட்டியல் தொகை வந்தவுடன் சங்கமும் கலைந்துவிடுகிறது.

மற்றொன்றும் உண்டு. ஏரியைத் தனியே எடுத்துச் சீர்செய்கிறோம். மாலையின் நூலை மறந்துவிடுகிறோம். பாலாற்றில் அள்ளிய மணலுக்கு அளவில்லை. ஆற்றின் தளம் தாழ்ந்தபின், ஆற்று மணலில் ஊறும் நீரைக் கொண்டுவந்த ஊற்றுக்கால்களின் தலை அந்தரத்தில் நிற்கிறது. 2021 நவம்பரில் பாலாறு நூறாண்டுகளில் காணாத வெள்ளத்தைக் கண்டது. அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் நீர் பாய்ந்தது. ஆற்றங்கரைவரை போய் எல்லாரும் வேடிக்கை பார்த்தோம். எங்கள் தாய்வீட்டு ஏரிக்கோ வரத்துக் கால்வாயில் அடர்ந்திருந்த சீமைக் கருவேலத்தைத் தாண்டி நீர் வந்துசேர நான்கு நாட்கள் ஆயின. புதுப்பித்த மதகு, வழுவழுப்பான வாய்க்கால், பலமான கரை எல்லாம் இருந்தன. நீர் மட்டும் வழி தெரியாமல் அலைந்தது. எங்கள் வேகவதியின் கதையை இங்கே விரிக்கப்போவதில்லை. கரையெல்லாம் வீடுகள், நடுவே சாக்கடை என்றால் போதும்.

இந்தக் குலைவு எந்த முனையில் தொடங்குகிறது என்று கேட்டால், கடைமடையில் என்றே சொல்வேன். நீர் எட்டாத கடைமடை நிலம்தான் முதலில் தரிசாகிறது. முதலில் விலைக்குப் போகிறது. மனை பிரிப்போர் எல்லாருக்கும் அது தெரியும். எங்கள் நிலத்துக்குக் கிழக்கே மூன்று ஏக்கரில் கல் நட்டாயிற்று. ஏழெட்டு வீடுகளும் எழும்பிவிட்டன. ஏரி நிறைந்து வாய்க்கால் பெருகினால் அவ்வீடுகளின் வாசலில் நீர் நிற்கிறது. பாவம், தம் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியவர்கள்! கலங்கலின் உயரத்தைக் குறைத்து, ஏரியில் நீரைக் குறைவாகத் தேக்கும்படி அவர்கள் மனு கொடுத்திருக்கின்றனர். குறைத்தால் கொள்ளளவு குறையும். நீர் இன்னும் முன்னதாகவே நின்றுவிடும். அடுத்த கடைமடையும் தரிசாகும். அதுவும் மனையாகும். கடைமடையில் ஒரு வயல் சாவது, கரையில் ஓர் உடைப்புக்குச் சமம் என்பது என் எண்ணம். நவீனமயம் வென்றதா இல்லையா என்று அறிய மதகின்மேல் பதித்த கல்வெட்டைப் படித்தால் போதாது. வாய்க்காலின் கடைசி வயலில் கால் நனைகிறதா என்று பார்க்க வேண்டும்.

சென்ற ஆடியில் சங்கக் கூட்டம் ஒன்று கூடிற்று. தம்பியுடன் நானும் போயிருந்தேன். போகத்துக்கு ஏக்கருக்கு 300 ரூபாய் என்று எல்லாரும் கொடுத்து, நீர் பங்கிட ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைப்பது என்பது தம்பி முன்வைத்த யோசனை. எந்தச் சாதியாராயினும் சரி, ஆணாயினும் பெண்ணாயினும் சரி, அந்த மதகின்கீழ் நிலம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னான். தலைமடையில் கிணறு வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, "எனக்கு ஏரித் தண்ணீர் வேண்டாமே தம்பி, நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து வயதான அம்மா ஒருவர், "ஏரி காய்ந்த வருசம் உங்க கிணத்துல எத்தனை முழம் தண்ணி இருந்துச்சுன்னு சொல்லுங்க அண்ணே" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பெழுந்தது. அவரும் சிரித்துவிட்டார்; ஆனால் கையெழுத்துப் போடவில்லை, யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.

தெற்கு மதகில் 61 பேருக்கு நிலம் உண்டு. இதுவரை 38 பேர் ஒப்பியிருக்கின்றனர். மனைகளில் குடியேறியவர்களையும் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பதென்று முடிவாயிற்று. வாசலில் நீர் நிற்காமல் வடிகால் அமைத்தால் அவர்கள் கலங்கல் மனுவைத் திரும்பப் பெறக்கூடும் என்று தம்பி நம்புகிறான். அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பது பேசி முடியவில்லை. வேலைக்கு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் நூறுநாள் வேலையில் வரத்துக் கால்வாயை வெட்டிப் பழகிய பெண்மணி. சம்பா நட்டாயிற்று, ஆள் இன்னும் முடிவாகவில்லை. மதகின் திருகுசாவி இப்போதைக்குத் தம்பி வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. தலைமடைக்காரர்கள் அதற்கு ஒப்பவில்லை. கடைமடைக்காரன் கையில் சாவி இருப்பது முறையாகாது என்கின்றனர். அவர்கள் சொல்வதும் சரிதான்.